எந்த சாப்ட்வேரில் கற்பது, யார் பெயரில் கற்பது?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து பெற்றோர் தேடி வருவார்கள். "பக்கத்து வீட்டுப் பையன் கேட்டியா சாப்ட்வேர் படிச்சிட்டு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போயிட்டான் சார். எங்க பையனையும் அதிலேயே சேத்து விடுங்க" என்பார்கள். பையனுக்கு என்ன வரும், எதில் கை ஓடும் என்ற பேச்சே எழாது. பையனும் தலையாட்டுவான். ஆடி மாதத்துக்குள் ஏதோ ஒரு சென்டரில் பீஸ் கட்டியாகிவிடும். அங்கே சொல்லித்தரும் சாப்ட்வேருக்கு லைசென்ஸ் உண்டா, அது யார் பெயரில் இருக்கிறது என்று அப்பாவும் கேட்பதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை.

ஓசூர் பக்கத்து டூல் ரூம்களில் வரைபடத்தோடு வேலை பார்த்தவன் நான். வேலை கேட்டு வரும் பிள்ளைகளைச் சோதித்து எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள்

இவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் அறிவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கல்லூரி அல்லது பள்ளி அடையாளத்தோடு பதிவு செய்து பெறும் கல்வி உரிமம். ஆட்டோகேட், ஃப்யூஷன் முதலியவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. படிக்கிறோம் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சீமென்ஸ் நிறுவனம் என்எக்ஸ் மென்பொருளுக்கு மாணவர் பதிப்பு வைத்திருக்கிறது. ஆன்ஷேப் என்பதைப் பிரவுசரிலேயே திறந்து வரையலாம்; கணினியில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, நிறுவனமே திறந்து வைத்திருக்கும் பயிற்சி முறை. டேலியில் 'எஜுகேஷனல் மோட்' இருக்கிறது. லைசென்ஸ் வாங்காமலே கம்பெனி உருவாக்கலாம், லெட்ஜர் போடலாம், ஜிஎஸ்டி கணக்கும் பழகலாம். முக்கியமான தடை தேதிதான்: மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட விடும். வியாபாரக் கணக்கு எழுத அது உதவாது. கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். பி.காம். படிக்கும் பிள்ளைக்குத் திருட்டு டேலி ஏற்றிக் கொடுப்பதில் ஒரு பைசா லாபமும் இல்லை.

மூன்றாவது, கட்டற்ற மென்பொருள். லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர், ஃப்ரீகேட், லிப்ரேகேட் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குப் பதிவும் கிடையாது, கீயும் கிடையாது. பிளெண்டர் ஒரு காலத்தில் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2002இல் ஆர்வலர்கள் 1,00,000 யூரோ திரட்டி அதை வாங்கிப் பொதுவில் வைத்தார்கள். ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது.

நான்காவது, காசு கொடுத்து முழு உரிமம் வாங்குவது. மாணவருக்கு அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை.

ஐந்தாவது வழிதான் இந்தப் பக்கத்தில் நெடுஞ்சாலையாகிவிட்டது. கிராக் போட்ட சாப்ட்வேர். இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

கிராக்கில் கற்பதன் விலை

"ஆறு மாசத்துல ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, என்எக்ஸ் எல்லாம் சேத்து மாஸ்டர் டிப்ளமோ" என்று விளம்பரம் செய்யும் சென்டர்கள் எல்லாமே ஏமாற்றுபவை என்று நான் சொல்லவில்லை. முறையாக உரிமம் வாங்கி நடத்துபவர்கள் இருக்கிறார்கள்; அவர்களைத் தேடிப் போங்கள். ஆனால் சந்துக்குச் சந்து முளைத்திருக்கும் இடங்களில் நடப்பது வேறு. இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு சாப்ட்வேரைத் திறப்பார்கள். ஆன்ட்டி வைரஸை நிறுத்தி வைத்திருப்பார்கள். கோர்ஸ் முடிந்ததும், "வீட்டில் பழகு தம்பி" என்று பென்டிரைவில் அதே கிராக்கைப் போட்டுக் கொடுப்பார்கள். அதைப் பெரிய உபகாரம் என்று நினைத்துப் பையன் வாங்கி வருவான்.

அந்தப் பென்டிரைவில் என்ன இருக்கிறது? சாப்ட்வேரின் பூட்டை உடைக்கும் சிறு புரோகிராம் ஒன்று இருக்கிறது. ஆன்ட்டி வைரஸை நிறுத்தினால்தான் அது ஓடும். நிறுத்திவிட்டால் அதற்குள் ஒளிந்திருக்கும் வேறு எதுவும் சேர்ந்து ஓடும். ஸ்டாப் டிஜேவு என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான். கணினியில் உள்ள படம், வரைபடம், புராஜெக்ட் ரிப்போர்ட் என அத்தனை கோப்பையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி என்று சலுகையும் சொல்லும். ஓசூரில் ஒரு சிறிய பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பையன், பழகிய வெர்ஷன் வேண்டும் என்று தன் பென்டிரைவைச் செருகினான். மறுநாள் காலை ஜிக், ஃபிக்ஸ்சர் வரைபடங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. முதலாளி மறுபடி ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியரால் அளந்து வரையச் சொன்னார். பையன் அந்த வேலையில் நிலைக்கவில்லை.

அப்டேட் பிரச்சினையும் உண்டு. கிராக் போட்டவர்கள் கண்டுபிடிக்கப்படுவோம் என்ற பயத்தில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடுவார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகைக் கலக்கியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாதவர்களின் கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

சட்டத்துக்கு வருவோம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையை விலக்கி 50,000 வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. மாணவர்மேல் வழக்குப் போடுவது அரிது. ஆனால் பீஸ் வாங்கும் சென்டரும், சம்பளம் கொடுக்கும் பட்டறையும் செய்வது வியாபாரம். நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் நேரில் வந்து கணினிகளைச் சோதிப்பது டெல்லி உயர் நீதிமன்ற வழக்குகளில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதனால்தான் பெரிய தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து தரும் பட்டறை முதலாளி, கிராக்கோடு வரும் பையனைக் கண்டு பயப்படுகிறார்.

இத்தனைக்கும் மேலே நான் பெரிதாக நினைக்கும் நஷ்டம் ஒன்று இருக்கிறது. கிராக் இலவசம் என்பதால் பிள்ளைகள் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நான்கு சாப்ட்வேரையும் ஏற்றிக்கொள்கிறார்கள். நான்கிலும் ஒரு போல்ட்டும் ஒரு பிராக்கெட்டும் வரைகிறார்கள். நேர்முகத்தில் ஒரு சிறு பாகத்தைக் கையில் கொடுத்து, வெள்ளைத் தாளில் மூன்று வியூ போடச் சொல்வேன். ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். டாலரன்ஸ் எங்கே கொடுப்பது, எந்த முகத்தை டேட்டம் ஆக வைப்பது என்று தெரியாது. 'எக்ஸ்ட்ரூட்' பட்டன் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். டிராயிங் போர்டில் பென்சிலும் மினி டிராஃப்டருமாகப் பழகியவன் நான்; பேப்பரில் வராதது திரையில் வராது என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் நான் தேர்ந்தெடுத்த பிள்ளைகளில் நிலைத்து நின்றவர்கள் பேப்பரில் வரைந்து காட்டியவர்கள்தான்.

பதிவு என்பதைக் கண்டு பயம் ஏன்?

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது 25 எழுத்துக் கீயைக் கொடுத்து 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்தாக வேண்டும் என்றார்கள். அன்று முதல் கட்டாயப் பதிவு என்றாலே தொல்லை என்ற எண்ணம் நம் பள்ளிகளிலும் ஊறிவிட்டது. அந்தத் தொல்லை உண்மைதான். கல்வி உரிமப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்பார்கள். நம் பிள்ளைக்கு இருப்பது ஓர் இனிஷியல். அடையாள அட்டையில் 'கே. பிரியா', படிவத்தில் 'பிரியா கிருஷ்ணன்' என்றால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். ஆசிரியர் தன் சொந்த மின்னஞ்சலில் லேப் முழுவதையும் பதிவு செய்திருப்பார். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்ததும் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். அடுத்த வருடம் புதுப்பிக்க வழியில்லாமல் யாரோ ஒருவர் கிராக் கொண்டுவருவார். பெரும்பாலான லேப்களில் திருட்டுப் பிரதி இப்படித்தான் நுழைகிறது.

இதற்கு மருந்து எளியது. பள்ளி, கல்லூரியின் பொது மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். உரிமம் முடியும் தேதியை ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி வையுங்கள். அடையாள அட்டையில் அச்சிட்ட பெயரையே எழுத்துக்கு எழுத்து படிவத்தில் போடுங்கள். மைனர் பிள்ளைகளின் கைபேசி எண்ணையும் ஆதாரையும் எங்கும் கொட்டாதீர்கள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பதிவே வேண்டாம் என்றால் கட்டற்ற மென்பொருளுக்குப் போங்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. நம் பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் பாடப்புத்தகமும் ஓப்பன் ஆபீஸைத்தான் கற்பிக்கிறது.

நமக்கு வாய்ப்பு வராமலும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் உரிமமுள்ள விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வந்தன. பல வீடுகளில் பாஸ் பக்கம் திறக்கப்படவே இல்லை. லேப்டாப் மெதுவானதும் கடையில் கொடுத்து பார்மட் செய்தார்கள். கடைக்காரர் இரண்டையும் அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். அரசு காசு கொடுத்து வாங்கித் தந்த நல்ல உரிமம் அங்கேயே போயிற்று.

யாருக்கு எது?

அக்கவுண்ட்ஸ் பக்கம் போகும் பிள்ளை டேலி எஜுகேஷனல் மோடும் லிப்ரே ஆபீஸ் கால்க்கும் எடுத்துக்கொள்ளட்டும். ஐடிஐ படித்து சிஎன்சி பக்கம் போகிறவன் ஜி கோடையும் எம் கோடையும் முதலில் நோட்டில் எழுதிப் பழகட்டும்; மெஷின் அருகே நின்று ஆபரேட்டராக இருந்துவிட்டுப் பிறகு கேம் (CAM) சாப்ட்வேருக்குப் போகட்டும். டிப்ளமோ, பொறியியல் படிப்பவர்கள் கல்லூரி அடையாள அட்டையை வைத்து ஒரே ஒரு கேட் (CAD) சாப்ட்வேருக்குக் கல்வி உரிமம் வாங்கி, அதில் ஆழமாக இறங்கட்டும். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி வழியாகக் கிடைக்கும் பயிற்சிகளையும் விசாரியுங்கள். டிசைனில் ஆசை உள்ளவர்களுக்கு இங்க்ஸ்கேப்பும் பிளெண்டரும் போதும். கேட்டியாவை விமான, கார் வடிவமைப்புக்குப் போகிறவர்கள் பின்னால் கற்றுக்கொள்ளலாம். ஓசூர் பட்டறைகளில் அதன் பெயரைச் சொல்லி வேலை கிடைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சாப்ட்வேரில் நன்றாகக் கைபழகியவனுக்கு இன்னொன்று சில வாரங்களில் வரும். அடிப்படையே இல்லாதவனுக்கு எதுவும் வராது. ஒட்டுமாஞ்செடி வைத்தால்கூட முதல் காய்ப்புக்கு மூன்று நான்கு வருடம் பொறுத்திருக்கும் ஊர் நம்முடையது. பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஆறு மாதத்தில் பலன் கேட்கிறோம். பையனுக்கு எந்திரத்தில் மனம் போகிறதா, கணக்கில் போகிறதா, படத்தில் போகிறதா என்று ஒரு வருடம் உட்கார்ந்து கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்தது நம் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன; கை தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு.

பீஸ் கட்டுவதற்கு முன் சென்டர்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த சாப்ட்வேரின் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது? அதைத் திரையில் காட்ட முடியுமா? என் பிள்ளை வீட்டில் பழக முறையான வழி என்ன? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் பணம் கட்டுங்கள். பதில் சுற்றி வளைந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.