இனிப்பு நீர்: விதியா, வழக்கமா?



"எங்க தாத்தாவுக்கு இனிப்பு நீர், அப்பாவுக்கும் இருக்கு. எனக்கும் எப்படியும் வரத்தான் போகுது. அதுவரைக்கும் நல்லா சாப்பிடுவோம்!" இந்தப் பேச்சை நம் இளைஞர் கூட்டங்களில் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு அடியில் 'எல்லாம் தலையெழுத்து' என்ற எண்ணம் இருக்கிறது. அது சரிதானா என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

நம் நிலைமை

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அந்த நோயாளிகளில் ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம்.

பரம்பரை மட்டும்தானா?

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு அதிகம். ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் தொப்பை இருக்கும்.

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின். அசையாத தசையும் கொழுப்பேறிய கல்லீரலும் இன்சுலின் பேச்சைக் கேட்காது. கணையம் மேலும் மேலும் சுரந்து, கடைசியில் களைத்துப்போகும். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் பாட்டன்மார் விடியற்காலையிலிருந்து நடந்தவர்கள். நாம் அதே அளவு சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறோம்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் அது 39 விழுக்காடுதான். ரத்தம் நம்மைப் போன்றதே, வழக்கம்தான் வேறு.

மாற்ற வேண்டியவை

பானம்: ஒரு டின் பானத்தில் 100 மில்லிக்கு 9 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 320 மில்லி டின்னில் சுமார் 29 கிராம், அதாவது ஏழு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமாக் கடையில் தே தாரேக்குக்குப் பதிலாக 'தே ஓ கோசோங்' கேளுங்கள். முடியாவிட்டால் 'குராங் மானிஸ்' என்றாவது சொல்லுங்கள்.

தட்டு: பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன்.

நடை: தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிறோம். மறுநாள் பக்கத்துக் கடைக்கும் மோட்டார்! சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலே தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

தூக்கம்: விடிய விடிய கேம் விளையாடிவிட்டு நாலு மணி நேரம் தூங்கினால், மறுநாள் இன்சுலின் வேலை மந்தமாகும், பசியும் கூடும். புகைப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

நம் சமயம் சொல்வது

விரதம் என்பது அடக்கம். பகலெல்லாம் பட்டினி கிடந்து, ராத்திரி வடை பாயாசத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டால் அதில் என்ன அடக்கம் இருக்கிறது? வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் மருந்துகளின் பெயரைச் சொல்லவில்லை. முன்பு உண்டது செரித்த பின் அளவாக உண்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறார். வினைப்பயனை நம்புகிறவர்கள் நாம். இன்று செய்வதும் வினைதானே?

இந்த மாதப் பயிற்சி

1. இடுப்பளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

2. வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால், அரசு கிளினிக்கில் வெறும் வயிற்றில் ரத்தச் சோதனை செய்யுங்கள். 6.1 முதல் 6.9 வரை இருந்தால் எச்சரிக்கை, 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

3. உங்கள் கிளையின் அடுத்த நிகழ்ச்சியில் சிரப் தண்ணீருக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்? கூடிப் பேசி முடிவெடுங்கள்.