பம்பரைக் கழற்றிய தம்பிக்கு



சன்னாநல்லூர் கடைத்தெருவில் நின்ற உரக்கடைப் பிக்கப்பைப் பார்த்தேன். உன் பட்டறை வேலை என்று டிரைவர் சொன்னார். முன்பம்பரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழாய் கார்டு அடித்திருக்கிறாய். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

உன் வெல்டிங் என்னை அசத்திவிட்டது. குழாய் வளையும் இடத்தில்கூட வரி சீராக ஓடியிருக்கிறது. கசடு இல்லை, ஓரத்தில் அரிப்பு இல்லை, மெல்லிய குழாயில் ஒரு பொத்தல் இல்லை. கும்பகோணம், திருவாரூர் பட்டறைகளையும் சேர்த்தே சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான கையை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. அதனால்தான் கோபமும் அதிகமாக வருகிறது. இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு பம்பர் போல்ட்டுகளை ஏனப்பா கேஸில் அறுத்தாய்?

சாசி நுனியில் இரண்டு பக்கமும் தீ பட்ட நீலம் அப்படியே தெரிகிறது. பெயிண்ட் கருகி உரிந்திருக்கிறது. வட்டமாக இருந்த துளைகள் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டன. "துரு ஏறி இறுகிப் போச்சு, வேற வழி இல்லை" என்பாய். இறுகித்தான் இருக்கும். உர வண்டி அது. யூரியா காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பொட்டாஷில் இருப்பது குளோரைடு, உப்பு செய்கிற வேலையை அதுவும் செய்யும். மூட்டையில் சிந்துவதெல்லாம் சாசி இடுக்கில் போய்த் தங்கும். நாகூர், காரைக்கால் பக்கமிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுக வரும் மீன் வண்டியின் கதையும் இதுதான். நம் ஊரில் இறுகாத போல்ட்டு எங்கே இருக்கிறது? இறுகியதைக் கழற்றுவதற்குத்தானே நம்மிடம் வருகிறார்கள்!

முதல் நாள் சாயங்காலமே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி விட வேண்டும். இரவில் இன்னொரு தடவை. காலையில் ரிங் ஸ்பானர் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைக்க வேண்டும். துரு உடைகிற "டிக்" சத்தம் கேட்கும். பிறகு எதிர்ப்பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே, மறுபடி எண்ணெய். அப்படியும் வராவிட்டால் நட்டை உளியால் பிளந்து எடு. போனால் ஒரு நட்டு போகட்டும். சாசியில் தீ வைத்தால் அந்த இடத்து இரும்பின் பலம் மாறிவிடும், கருகிய இடத்தில் துரு உள்ளே இறங்கும். வெளியில் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் வேலை பழகிய பட்டறையில் டாடா லாரிகளும் பெட்ஃபோர்டுகளும்தான் வரும். அந்த பம்பர் கனத்த இரும்புச் சேனல். அதில் வண்டிக்காரர் "தியாகராஜர் துணை" என்றோ "வாஞ்சிநாதர் துணை" என்றோ எழுதி வைத்திருப்பார். கழற்றும்போது எழுத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் மேஸ்திரி அன்றைக்குச் சோறு தின்ன மாட்டார். அடியில் கோணி விரித்துத்தான் இறக்குவோம். இடது பக்கத்து போல்ட்டு ஒரு டின்னில், வலது பக்கத்தது ஒரு டின்னில், மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். எந்தத் துளையில் எந்த வாஷர் இருந்ததோ அதே துளைக்கு அது திரும்பப் போக வேண்டும். இரண்டை மாற்றி வைத்த பையனுக்கு முதுகில் விழும். சம்பா அறுப்புக் காலத்தில் விடிய விடிய வேலை நடக்கும். அப்போதும் அந்த முறை மாறியதில்லை. அவர் பட்டறையில் கேஸ் சிலிண்டர் இல்லாமல் இல்லை. சாசிப் பக்கம் அதை உருட்ட விட்டதே இல்லை.

அடுத்து ஒயர் விஷயம். விளக்குக்குப் போகும் ஒயரைப் பிளையரால் வெட்டி, டேப் சுற்றி விட்டிருக்கிறாய். ஒரு சாண் தள்ளி கப்ளர் இருக்கிறது. விரலால் அழுத்தினால் கழன்று வரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டி அது, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் அதிகம். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினாயா? இப்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை என்கிறார் டிரைவர்.

இனி அந்தக் குழாய் கார்டு. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, ஊரறிய உண்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, இந்த மாதிரி கார்டு வைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுக்கு விரோதம் என்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டியை இப்படி மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதைக் கட்டப்போவது வண்டிக்காரர். அது பெரிதில்லை. கம்பெனி பம்பரும் அதன் பிராக்கெட்டும் நசுங்கி அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நீ சாசியோடு சேர்த்து வெல்டு வைத்த குழாய் நசுங்காது. அடி நேரே சாசிக்கும் உள்ளே இருப்பவருக்கும் போகும். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அது விரியும் நேரமும் மாறிப்போகும். எதிரில் இருப்பவரை நினைத்துப் பார். குடவாசல் சாலையில் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். அந்தக் குழாய் அவர்கள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நான் அளந்தே பார்த்தேன்.

ரோட்டிலிருந்து களத்துக்கு இறங்கும்போது பம்பர் வரப்பில் இடிக்கிறது என்றுதான் உரக்கடை முதலாளி கழற்றச் சொன்னாராம். நியாயமான குறைதான். ஆனால் நீ ஸ்பானரை எடுப்பதற்கு முன் டேப்பை எடுத்திருக்க வேண்டும். சக்கரத்துக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அளந்தால் முன்பக்கம் தொய்ந்திருப்பது தெரிந்திருக்கும். இடது பக்கம் நன்றாகவே இறங்கிக் கிடக்கிறது. சஸ்பென்ஷனைச் சரி செய்தாலே பாதி இடி நின்றுவிடும். மீதிக்கு, இறங்கும் வாய்க்காலோரத்தில் கொஞ்சம் மண் கொட்டிச் சரிவாக்கச் சொல். வண்டியை நேராக இறக்காமல் சாய்த்து இறக்கச் சொல்.

தை பிறந்து அறுப்பு தொடங்கிவிட்டால் மூட்டை ஏற்ற ஓடுவதில் அந்த வண்டி அரை நாள்கூட உன் கைக்கு வராது. அதற்கு முன்பே வரவழைத்துவிடு. குழாயை கிரைண்டரால் அறுத்து எடு. முட்டையான துளைக்கு உள்பக்கம் கனமான தட்டு வைத்து, பழைய பம்பரை 8.8 கிரேடு போல்ட்டு போட்டுக் கட்டு. உள்ளே துரு தடுப்புப் பெயிண்ட் ஊற்ற மறக்காதே. முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். கழற்றின பம்பர் உன் பட்டறைச் சுவரோரம் கிடக்கிறதாம்; அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே.