மணிக்கட்டு வலியும் மவுஸ் தேர்வும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. அன்று ஓலையிலும் கல்லிலும் எழுதப்பட்ட ஊர்ப் பணிகள் இன்று கணினியில் நடைபெறுகின்றன. வருமானச் சான்றிதழும் பட்டா நகலும் இ-சேவை மையத்தில் யாரோ ஒருவர் மவுஸைப் பலநூறு முறை அழுத்துவதால்தான் நம் கைக்கு வருகின்றன. அப்பணியைச் செய்வோரும், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் இளைஞர்களும் இப்போது மணிக்கட்டு வலியுடன் எங்களிடம் வருகின்றனர்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் முப்பது வயதைக் கடந்த பெண்மணி, கணினி இயக்குநர். இரவில் விரல்கள் மரத்துப்போய் விழித்துக்கொள்வதும், கையை உதறிய பின்பே உறங்குவதும் அவருக்கு வழக்கமாகியிருந்தன. யாரோ கூறியதைக் கேட்டு விலையுயர்ந்த மவுஸ் ஒன்றை வாங்கி, அதுவே குணப்படுத்திவிடும் என்று எட்டு மாதங்கள் காத்திருந்தார். எங்களிடம் வந்தபோது கட்டைவிரலின் அடித்தசை மெலியத் தொடங்கியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த மவுஸ் வாங்க வேண்டும், டாக்டர்?" என்பதே. அதற்கான விடையையும், அந்த விடை எங்கே போதாமல் போகிறது என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

மணிக்கட்டில் நடப்பது என்ன?

மணிக்கட்டின் 8 சிறு எலும்புகள் ஒரு பள்ளமாக அமைந்துள்ளன. அதன்மேல் உறுதியான தசைநார்ப் பட்டை ஒன்று கூரைபோல் மூடியிருக்கிறது. இந்தக் குறுகிய வழிக்குக் கார்பல் டனல் என்று பெயர். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் இதனுள்ளே நெருக்கமாகச் செல்கின்றன. கையை மேல்நோக்கி வளைத்தாலும் கீழ்நோக்கி வளைத்தாலும் உள்ளே அழுத்தம் கூடும். மவுஸின் பொத்தானை அழுத்தியபடி இழுக்கும்போதும் அழுத்தம் உயர்வது அளந்து அறியப்பட்டுள்ளது. தொடர்ந்து நசுங்கும் நரம்பு முதலில் மரத்துப்போகும், பின்னர் வலுவிழக்கும்.

ஆயினும் கணினி ஒன்றையே காரணமாகக் கருதிவிடக் கூடாது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடற்பருமன், கர்ப்பகாலம் ஆகியனவும் இந்நோயைத் தோற்றுவிக்கக்கூடும். எனவே மரத்துப்போதல் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையையும் தைராய்டு அளவையும் நாங்கள் பார்க்கிறோம்.

மவுஸைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, அளவு. மடிக்கணினிக்கென விற்கப்படும் மிகச் சிறிய மவுஸைப் பிடிக்க விரல்களை நகம்போல் வளைக்க நேரிடும். உள்ளங்கை முழுவதும் அதன்மேல் தளர்வாகப் படிய வேண்டும். விரல் நுனிகள் நீட்டாமலும் மடக்காமலும் பொத்தானைத் தொட வேண்டும். ஒருவர் கைக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது. எனவே கடையில் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

இரண்டாவது, கையின் நிலை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் குழுவினர் செய்த முதல் மவுஸ் ஒரு சிறு மரப்பெட்டி. அன்றுமுதல் உள்ளங்கை கீழ்நோக்கிக் கவிழ்ந்தபடியே மவுஸைப் பிடித்து வருகிறோம். அந்நிலையில் முன்கையின் இரு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமைகின்றன. செங்குத்து மவுஸைக் கைகுலுக்குவதுபோலப் பிடிக்கலாம், முறுக்கு குறையும். பழகச் சில நாள்களாகும். மணிக்கட்டின் நிலையை இது சீராக்கினாலும், ஏற்கெனவே நசுங்கிய நரம்பின் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று நிறுவப்படவில்லை.

மூன்றாவது, உருண்டையைச் சுழற்றும் டிராக்பால் வகை. இதில் கையை நகர்த்த வேண்டியதில்லை. ஆனால் கட்டைவிரலால் சுழற்றும் வகை, கட்டைவிரலின் தசைநாண்களைக் களைப்படையச் செய்யும். அவ்விடத்தில் முன்பே வலியுள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, அழுத்தும் விசை. பொத்தான் மெல்லத் தொட்டாலே இயங்க வேண்டும். கணினி அமைப்பில் சுட்டியின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால், குறைந்த கையசைவில் திரை முழுவதையும் கடக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

மவுஸை விட முக்கியமானவை

நல்ல மவுஸும் தவறான இடத்தில் இருந்தால் பயன் தராது. விசைப்பலகையின் வலப்புற எண்பகுதி மவுஸைத் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது. எட்டிப் பிடிக்கும் தோளும் சேர்ந்து வலிக்கிறது. எண்பகுதி இல்லாத சிறிய விசைப்பலகை இதற்கு உதவும். முழங்கை உடலை ஒட்டி, ஏறத்தாழ செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை ஒன்றை இட்டு உயர்த்துங்கள். மேசையின் கூரிய விளிம்பில் மணிக்கட்டை ஊன்றாதீர்கள்; முன்கை முழுவதும் மேசையில் தாங்கப்படட்டும். கட்டிலில் அமர்ந்து மடிக்கணினியில் மணிக்கணக்கில் வேலை செய்வதைக் கைவிடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை கையை மவுஸிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து மூடுங்கள். இயலுமாயின் மவுஸை இடக்கைக்கும் பழக்குங்கள். சான்றிதழுக்காக வரிசையில் நிற்போர் அந்த ஒரு நிமிடம் பொறுத்தருள வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போதல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, இரவில் அது உறக்கத்தைக் கெடுத்தாலோ வாருங்கள். சட்டைப் பொத்தான் போட இயலாமை, தம்ளர் கைநழுவுதல், கட்டைவிரலின் அடிப்பகுதி மெலிதல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கவே கூடாது. சுண்டுவிரல் மரத்தால் காரணம் முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம். அதற்கான சோதனை வேறு.

தொடக்க நிலையில், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைச் சில வாரங்கள் அணிவதே பலருக்கும் போதுமானது. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி போடப்படும். நரம்புக் கடத்தல் சோதனையில் பாதிப்பு மிகுதியாகத் தெரிந்தால், அந்தத் தசைநார்ப் பட்டையை வெட்டி விடுவிக்கும் சிறிய அறுவை சிகிச்சை செய்யப்படும். பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மேற்சொன்ன பெண்மணிக்கு அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது. இப்போது இரவில் நன்றாக உறங்குகிறார். கட்டைவிரலின் வலிமை மெதுவாகத் திரும்புகிறது. முழுமையாகத் திரும்புமா என்பதை இன்னும் சில மாதங்கள் கழித்தே கூற முடியும். எட்டு மாதங்களுக்கு முன் வந்திருந்தால் இரவுப் பட்டையே போதுமானதாக இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் யாரேனும் இரவில் கையை உதறிக்கொண்டு விழிப்பதைக் கண்டால், மவுஸை மாற்றச் சொல்லுங்கள். அத்துடன் மருத்துவரிடமும் அழைத்து வாருங்கள்.