அறுபதுக்கு மேலும் கார் ஓட்டுகிறீர்களா? இன்ஷூரன்ஸில் காசைக் கோட்டை விடாதீர்கள்!

லைசென்ஸ் எடுத்து முப்பது நாற்பது வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரியின் 100 அடி ரோட்டு நெரிசலும் சண்டே மார்க்கெட் கூட்டமும் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இன்ஷூரன்ஸ் ரெனியூவல் வந்தால் மட்டும், "போன வருஷம் போட்டதையே போட்டுடுப்பா" என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறீர்கள். காசு போகிற ஓட்டை அதுதான். பேரனை ஸ்கூலில் விடணும், ஜிப்மர் ஓ.பி.க்குப் போகணும், பேங்க் வேலை இருக்கு, எல்லாம் தெரியும். வருஷத்துக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், போதும்.

முதலில் ஒரு பயத்தை விடுங்கள். "வயசாயிடுச்சே, பிரீமியம் ஏத்திடுவாங்களோ" என்று தயங்குபவர்கள் நிறைய. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி கட்டணம் 25 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒன்றுதான். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியைப் பெரும்பாலும் முடிவு செய்வது வண்டியின் மாடல், அதன் வயது, மதிப்பு, பதிவான ஊர். வண்டிக்கு வயதாவதைத்தான் பார்க்கிறார்கள். இனி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

1. பேரம் பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள்

தேர்டு பார்ட்டி கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் 1,000 சிசி வரை ரூ. 2,094, 1,500 சிசி வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897, ஜிஎஸ்டி தனி. இந்தத் தொகை மாறினால் எல்லாக் கம்பெனிக்கும் சேர்ந்துதான் மாறும். "தேர்டு பார்ட்டியில் குறைச்சுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், போலி பாலிசியாக இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படுவது ஓன் டேமேஜ்தான். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா மாதிரி அரசு நிறுவனத்தில் ஒன்று, தனியாரில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று என மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

2. ஐடிவியைப் பார்க்காமல் விலையை ஒப்பிடாதீர்கள்

வண்டி திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கிடைக்கும் தொகைதான் ஐடிவி. இதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறையும். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுவீர்கள். கிளைம் நாளில் பல ஆயிரம் குறையும். மூன்று கம்பெனியிலும் ஒரே ஐடிவிக்கு விலை கேட்டால்தான் அது நியாயமான ஒப்பீடு.

3. உங்கள் ஜோன் எது என்று பாருங்கள்

சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஏ ஜோன். மற்ற ஊரெல்லாம் பி ஜோன், ஓன் டேமேஜ் சற்றுக் குறைவு. பிஒய் 01 என்று பதிவான வண்டி பி ஜோன். ஓய்வு பெற்றுச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்து, பதிவையும் இங்கே மாற்றிவிட்டீர்களா? பாலிசியில் இன்னும் சென்னைப் பதிவே இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

4. சின்னக் கீறலுக்குக் கிளைம் போடாதீர்கள்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் நோ கிளைம் போனஸ், அதாவது என்சிபி, ஏறும்: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். ஐந்து வருஷம் பத்திரமாக ஓட்டினால் ஓன் டேமேஜ் பிரீமியம் பாதியாகிவிடும். ஒரே ஒரு கிளைம் போட்டால் பழையபடி பூஜ்யம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். என்சிபி கழிக்கும் முன் உங்கள் ஓன் டேமேஜ் ரூ. 6,000, என்சிபி 50 சதவீதம் என்று வையுங்கள். மிஷன் வீதியில் ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர் உடைந்து, மாற்ற ரூ. 5,000 ஆகிறது. பிளாஸ்டிக் பாகத்துக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மிச்சம் ரூ. 2,500. 1,500 சிசி வரையுள்ள வண்டி என்றால் கட்டாயப் பிடித்தம் ரூ. 1,000 போக, கைக்கு வருவது ரூ. 1,500. அடுத்த வருஷம் என்சிபி இல்லாததால் நஷ்டம் ரூ. 3,000. அதற்கடுத்து 1,800, 1,500, 900, 300 என்று மறுபடி 50 சதவீதத்தைத் தொடும்வரை இழப்பது மொத்தம் ரூ. 7,500. ஆயிரத்து ஐந்நூறுக்காக ஏழாயிரத்து ஐந்நூறா? சின்ன டிங்கரிங் வேலையைக் கைக்காசில் முடியுங்கள்.

எப்படியும் சின்னக் கிளைம் போடப் போவதில்லை என்றால், வாலன்டரி டிடக்டபிள் சேர்த்து இன்னும் தள்ளுபடி கேளுங்கள். "முதல் சில ஆயிரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பதுதான் அது.

5. ரெனியூவலில் 90 நாளைத் தாண்டாதீர்கள்

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த என்சிபி மொத்தமும் போய்விடும். இடையில் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் ரூ. 2,000. பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போய் மூணு நாலு மாசம் தங்குகிறவர்களே, கிளம்பும் முன் தேதியைப் பாருங்கள். வண்டியை விற்றுவிட்டால் என்சிபி சான்று வாங்கி வையுங்கள். அது வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும்.

6. லைசென்ஸ் தேதி பாலிசியை விட முக்கியம்

லைசென்ஸ் காலாவதியாகி ஓட்டினால், எவ்வளவு பிரீமியம் கட்டியிருந்தாலும் ஓன் டேமேஜ் கிளைம் நிற்காது. 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் முன்பே விண்ணப்பிக்கலாம், பரிவாகன் தளத்தில். டாக்டர் கையெழுத்துடன் ஃபார்ம் 1ஏ வேண்டும். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். இந்த வயதில் எதற்கு அந்தச் சங்கடம்? தவளக்குப்பம் அரவிந்திலோ வேறெங்கோ கண்புரை ஆபரேஷன் செய்திருந்தால், டாக்டர் சரி சொல்லும் வரை சாவியைத் தொடக் கூடாது.

7. கார் யார் பெயரில் இருக்கிறது?

மகன் வாங்கிக் கொடுத்த கார், ஆர்சி அவன் பெயரில், ஓட்டுவது நீங்கள். பாலிசியில் வரும் ரூ. 15 லட்சம் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான். உங்களுக்கு அடிபட்டால் அதில் பத்துப் பைசா வராது. உங்கள் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். 70 வயது வரை பேங்கில் வருஷம் ரூ. 20-க்கு ரூ. 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திலும் சேரலாம்.

கணவர் காலமான பிறகு அவர் பெயரிலேயே காரை வைத்திருக்கும் தங்கைகளே, பாலிசி மூன்று மாதம், அல்லது அது முடியும் தேதி, இதில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். துக்கத்தில் மறந்துபோகும், பிள்ளைகளிடம் சொல்லி ஆர்சியையும் பாலிசியையும் மாற்றுங்கள். அவருடைய என்சிபியும் உங்களுக்கு வரும், கேட்டு வாங்குங்கள்.

8. மழைக்கு வேண்டியதை வாங்குங்கள், மற்றதை விடுங்கள்

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசி கைவிரித்துவிடும். தாழ்வான தெருவில் இருப்பவர்கள் அதைச் சேருங்கள். எடுத்தவர், எடுக்காதவர் யாராக இருந்தாலும் நனைந்த வண்டியில் சாவியைப் போடாதீர்கள். போட்டோ எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் கவர் புது வண்டிக்கு நல்லது. பழசாக ஆகக் கம்பெனிகளே கொடுக்கத் தயங்கும். சாவி தொலைந்தால், சாமான் தொலைந்தால் என்று நீளும் பட்டியலைத் துணிந்து வெட்டுங்கள். மார்க்கெட், கோவில், ஆஸ்பத்திரி என்று குறைவாகவே ஓட்டுகிறீர்களா? ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் வசதியை 2022-லிருந்து இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்திருக்கிறது. உங்கள் கம்பெனியில் உண்டா என்று கேளுங்கள். ராத்திரிப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வைப்பவர்கள் சம்பள டிரைவருக்கான கவரையும் சேருங்கள்; சொற்பத் தொகைதான். அவர் லைசென்ஸைக் கண்ணால் பார்த்த பிறகே சாவி கொடுங்கள்.

9. பொய் சொல்லாதீர்கள், ஏமாறவும் செய்யாதீர்கள்

கம்பெனி மாறும்போது, போன வருஷம் கிளைம் வாங்கியதை மறைத்து என்சிபி கேட்காதீர்கள். அடுத்த கிளைமில் பழைய கம்பெனியைக் கேட்டுக் கண்டுபிடித்து நிராகரித்துவிடுவார்கள். நியாயமான கிளைமை மறுத்தால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 155255-க்குப் போன் செய்து ஐஆர்டிஏஐயிடமும் பதியலாம். 30 நாளில் தீராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

இன்று சாயங்காலமே ஆர்சி, லைசென்ஸ், பாலிசி மூன்றையும் மேஜையில் வைத்து, முடியும் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இத்தனை வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குச் சேர்ந்த பரிசு அந்த 50 சதவீதம். ஒரு மறதியில் அதை விட்டுவிடாதீர்கள்.