பதினோரு மணிப் பசி



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் களை எடுக்கப் போகும் அக்கா ஒருவர் கேட்டார்: "காலையில டீயும் ரெண்டு பன்னும் சாப்பிட்டுத்தாம்மா போறேன். பதினோரு மணிக்கெல்லாம் பசியில கண்ணைக் கட்டுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?" உடனே இன்னும் நாலு பேர், "எனக்கும்தான்" என்றார்கள். அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பசி எப்படித் தெரிகிறது?

வயிறு காலியானதும் இரைப்பையில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது மூளைக்கு "பசிக்குது" என்று சொல்லும். சாப்பிட்டதும் அது குறையும். சாப்பாடு குடலுக்குள் இறங்கும்போது ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்ற வேறு ஹார்மோன்கள் சுரந்து "போதும்" என்று சொல்லும். பன்னில் இருப்பது மைதாவும் சர்க்கரையும். சீக்கிரம் செரித்துவிடும். அந்தப் "போதும்" ரொம்ப நேரம் நிற்காது.

நார்ச்சத்து என்ன செய்கிறது?

நார்ச்சத்தை நம் உடம்பால் செரிக்க முடியாது. அது பெருங்குடல் வரை போகும். அங்கே கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இருக்கின்றன. மாடு வைக்கோலைத் தின்று பால் கொடுப்பது அதன் வயிற்றில் உள்ள கிருமிகளால்தானே? நம் குடலிலும் சிறிய அளவில் அதே வேலை நடக்கிறது. கிருமிகள் நார்ச்சத்தை நொதிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் "போதும்" என்று சொல்லும் ஹார்மோன்களைத் தூண்டுகின்றன. இப்படி நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் நார்ச்சத்துக்கு ப்ரீபயாடிக் என்று 1995-ல் பெயர் வைத்தார்கள்.

இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் போதாது, தினமும் வேண்டும்.

எதில் கிடைக்கும்?

100 கிராம் கேழ்வரகிலோ கம்பிலோ சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. பச்சரிசியில் சுமார் 3 கிராம்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. கிருமிகளுக்குப் பிடித்த வகை சின்ன வெங்காயம், பூண்டு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வாழைக்காய் ஆகியவற்றில் இருக்கிறது. ஆறிய சோற்றிலும் கொஞ்சம் உண்டு. கெட்டியான கம்பங்கூழ், கடிக்க நாலு சின்ன வெங்காயம், ஒரு கை சுண்டல் என்று காலையில் சாப்பிட்டுப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

* ஒரே நாளில் அதிகம் சேர்த்தால் வயிறு உப்பும், வாயு சேரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.
* ஆய்வுகளில் பெரும்பாலும் பொடியாக, அதிக அளவில் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டில் பலன் மெதுவாகத்தான் தெரியும். எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இருக்காது.
* சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் கிராம செவிலியரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

முக்கியமாக ஒன்று. இது பசியை அடக்கும் வழி அல்ல. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் பெண்ணுக்குப் பசித்தால், அவர் உடம்பு உண்மையைத்தான் சொல்கிறது. அவருக்கு நார்ச்சத்தோடு பருப்பும், கீரையும், முட்டையும் வேண்டும். வயிறு நிறையவும் வேண்டும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நேற்று காலையில் நாம் என்ன சாப்பிட்டோம்?
2. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்குப் பருப்பும் காயும் மிஞ்சியதா?