மோட்டார் காரின் கியர் பெட்டி எண்ணெயை வீட்டிலேயே மாற்றுதல்

மோட்டார் கார் வைத்திருக்கும் குடியானவர்களில் அநேகர் எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றி வருகின்றனர். கியர் பெட்டியிலும் எண்ணெய் உண்டென்பதையும், அதுவும் நாளடைவில் கெடுமென்பதையும் அவர்களிற் பலர் கருதுவதில்லை. எஞ்சின் எண்ணெயைப் போல அது கரிபடிந்து கறுப்பதில்லை. குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிப்பதும் பெரும்பாலும் இல்லை. கியர் மாற்றும்போது கறகறவென்று ஓசை எழும் நாளில்தான் அதன் நினைவு வருகிறது. அப்பொழுது எண்ணெய்ச் செலவோடு நில்லாமல் பற்சக்கரங்களின் செலவும் வந்து சேரும். கையால் கியர் மாற்றும் கார்களுக்கே இக்கட்டுரை பொருந்தும். தானே கியர் மாறும் வண்டிகளுக்கு எண்ணெயும் வேறு, முறையும் வேறு.

முதலில் எண்ணெயைத் தெரிந்தெடுத்தல். இதில் நேரும் பிழையே மிகுதி. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார் ஹைப்பாய்டு என்னும் பற்சக்கரத்தைத் தங்கள் கார்களின் பின் அச்சில் அமைத்தனர். அதன் பற்கள் ஒன்றன்மேலொன்று மிகுந்த அழுத்தத்துடன் வழுக்கிச் செல்வதால், சாதாரண எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். ஆதலால் கந்தகமும் பாஸ்வரமும் சேர்ந்த காரமான மருந்துகளை எண்ணெயிற் கலக்க வேண்டியதாயிற்று. 1928-இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு வந்தது. ஓசையின்றிக் கியர் விழுவதற்காக, செம்புக் கலப்பு உலோகத்தால் ஆன வளையம் ஒன்று பற்சக்கரத்தின் கூம்பை இறுகப் பற்றி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. அவ்வளையத்திற்கோ எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கலாகாது. கந்தகம் மிகுந்தால் சூட்டில் செம்பு அரிக்கவும் கூடும். இரண்டு ஆண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரு அமைப்புகளும் ஒன்றுக்கொன்று மாறான குணமுள்ள எண்ணெயைக் கேட்கின்றன.

தகரத்தின்மேல் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று அச்சிட்டிருப்பதன் தாற்பரியம் இதுவே. பின்னது ஹைப்பாய்டு அச்சுக்கு உரியது. முன்னதில் மேற்சொன்ன மருந்தின் அளவு குறைவு. ஐந்து உயர்ந்தது, நான்கு தாழ்ந்தது என்றெண்ணி, விலை கூடியதை வாங்கிக் கியர் பெட்டியில் ஊற்றுவோர் உளர். ஜீப்பு முதலான வண்டிகளில் கியர் பெட்டி வேறு, பின் அச்சு வேறு. கடைக்காரர் இரண்டிற்கும் ஒரே தகரத்தைக் கொடுத்தால் வாங்கலாகாது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறு கார்களில் தனிப் பின் அச்சுப் பெட்டி இல்லை. அவற்றிற்குப் பெரும்பாலும் ஜி.எல்.4 விதிக்கப்படுகிறது. எனினும் வண்டியோடு வந்த கைப்புத்தகமே பிரமாணம். 1959-இல் வெளிவந்த மினி காரில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயில் ஓடின என்றால், பொது விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

தகரத்திற் காணும் 90 என்ற எண்ணும் பலரை மயக்குகிறது. எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் அளவுகோல் வெவ்வேறு. நன்கு சூடேறிய நிலையில் 90 எண்ணுள்ள கியர் எண்ணெய், 40 அல்லது 50 எண்ணுள்ள எஞ்சின் எண்ணெயின் கெட்டித் தன்மையையே உடையது.

இனி வேலைக்கு வருவோம். காரை எட்டு அல்லது பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து, எண்ணெய் இளகியிருக்கும்போதே தொடங்குதல் நன்று. நெற்களத்தின் சிமெண்டுத் தளம் இதற்கு மிகவும் ஏற்ற இடம். ஈர மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே ஏற்பட்டது, தாங்குவதற்கன்று. தூக்கியபின் உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே அடியிற் செல்லலாம். செங்கல் அடுக்கை நம்புதல் கூடவே கூடாது. பாரம் ஏறியபின் செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்; அடியில் கிடப்பவருக்கு விலகப் பொழுதிராது. நான்கு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் உயர்ந்திருத்தல் வேண்டும். முன்புறம் மட்டும் தூக்கினால், பின்னர் பார்க்கும் எண்ணெய் மட்டம் பொய்யாகும்.

கியர் பெட்டியில் இரண்டு பிளக்குகள் உண்டு. அடியிலிருப்பது எண்ணெய் வடிப்பதற்கு. பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஊற்றுவதற்கு. முதலில் கழற்ற வேண்டியது மேலேயுள்ளதையே. இதை எத்தனை முறை வற்புறுத்தினாலும் தகும். பல ஆண்டுகள் தொடப்படாமையால் அது துருவேறி இறுகியிருக்கும். அதைக் கழற்ற இயலாவிடில், பழைய எண்ணெய் உள்ளேயே இருப்பதால், வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். அடிப்பிளக்கை முதலில் திறந்து எண்ணெயை வடித்துவிட்டவருக்கோ ஊற்றவும் வழியில்லை, ஓட்டவும் வழியில்லை. இத்தவற்றை யானே ஒருமுறை செய்தேன். மேற்பிளக்கின் முனைகள் ஸ்பானருக்குப் பிடிகொடாமல் மழுங்கிப்போயின. மறுநாள் விதை வினியோகத்திற்குச் செல்லவேண்டிய வண்டி, அயலார் ஒருவருடைய டிராக்டர் டிரெயிலரில் ஏறிப் பட்டறைக்குப் போயிற்று. முந்தின நாள் மாலையே பிளக்கைக் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு இளக்கும் எண்ணெயிட்டு வைத்து, இடைவெளியின்றிப் பொருந்தும் ஸ்பானரைக் கொண்டு திருப்பியிருந்தால் அந்தச் சிரமம் நேர்ந்திராது.

மேற்பிளக்கு கழன்றபின் அடிப்பிளக்கைத் திறந்து, அகன்ற தட்டில் எண்ணெயை வடிக்கவும். சூடான எண்ணெய் கையைச் சுடும். கால் மணி நேரம் சொட்ட விட்டு, அதற்குள் வடிந்த எண்ணெயை வெயிலிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். மாட்டின் சாணத்தைக் கண்டு அதன் வயிற்று நிலையை அறியும் குடியானவருக்கு இது எளிது. அடிப்பிளக்கில் காந்தம் இருந்தால், அதன்மேல் சாம்பல் நிறச் சேறு குழைவாகப் படிந்திருப்பது இயல்பே, துடைத்துவிடலாம். விரலுக்கு உறுத்தும் சில்லுகளோ, பல்லின் உருவுள்ள துண்டோ அகப்பட்டால் புது எண்ணெய் அக்குறையைத் தீர்க்காது; வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பொன்னிறத் துகள் மினுமினுத்தால் வளையங்கள் தேய்கின்றன என்று கொள்க. கியர் எண்ணெய்க்குக் கந்தக நாற்றம் பிறவியிலேயே உண்டு. அதைக் கருகிய வாடையென மயங்கலாகாது.

எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டியின் மேலே காற்றுப் போக்குவரத்துக்குச் சிறு துவாரம் ஒன்று உண்டு. சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கிச் சட்டெனக் குளிர்ந்தால் உட்காற்றுச் சுருங்கி, அத்துவாரத்தின் வழியாகவோ அச்சுகளின் சீல்கள் வழியாகவோ நீரை உறிஞ்சும். 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்தைப் போன்ற காலங்களில் நீரில் நின்ற வண்டிகளுக்கு, எஞ்சின் கிளம்பியதுடன் கவலை தீர்ந்ததெனக் கருதலாகாது. வாய்க்காலும் தரைப்பாலமும் கடக்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். இத்தகைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடியும் ஊற்றுதல் நலம்.

அடிப்பிளக்கைப் புது வாஷருடன் பொருத்தவும். பெட்டி பெரும்பாலும் அலுமினியமாதலால் மிதமிஞ்சி முறுக்கினால் மரை அழிந்துபோகும். கைப்புத்தகத்திலுள்ள முறுக்களவுக்கு மிஞ்ச வேண்டா. பின்னர் மேல்துவாரத்தில் ரப்பர்க் குழாயைச் செருகி, எஞ்சினுக்கு மேலிருந்து புனலால் மெதுவாக ஊற்றுக. பெரும்பாலான பெட்டிகளில் எண்ணெய் துவாரத்தின் விளிம்பைத் தொட்டு வழிவதே சரியான மட்டம். வழிவது நின்றபின் பிளக்கைப் பூட்டலாம். சிறு கார்களுக்கு இரண்டு லிட்டரையொட்டிச் செல்லும். வடிந்த அளவையே திரும்ப ஊற்றுதல் முறையன்று. ஒழுக்கினால் முன்பே குறைந்திருக்கவுங் கூடும்.

வடித்த எண்ணெயைக் கழனி வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. கரையானுக்கென்று கம்பங்களின் அடியில் ஊற்றும் வழக்கமும் விடத்தக்கது. மழையில் அது மண்ணுக்கும் நீருக்கும் இறங்கும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவெண்ணெய் பதிவு பெற்ற சுத்திகரிப்பாளருக்குச் சேரவேண்டியது. மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுக்கலாம்.

அன்றிரவு வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும். மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், எண்ணெயின் பெயரும் எண்ணும், வடிந்ததன் நிறம் ஆகியவற்றை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்தால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.