சிவப்பு பம்பு, பச்சை பம்பு

அமைப்புப் பொறியியல் படித்துவிட்டு, தண்ணீர், மின்சாரம், சுற்றுச்சூழல் என்று வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு:

1. முதலில் வங்கதேசத்து அடிபம்புக் கதையைப் படியுங்கள். குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1970களில் அரசும் யுனிசெப்பும் ஊர் ஊராக அடிபம்பு போட்டன. மக்களுக்குப் பிடித்துப்போய், சொந்தச் செலவிலும் லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். 1993இல் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. கெட்டிக்காரர்கள் நல்ல எண்ணத்தோடு போட்ட திட்டம்தான். பரிசோதனைப் பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது.

2. உங்கள் அமைப்பின் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று கவனியுங்கள். கைப்பிடியிலிருந்து குடம்வரை போட்டால் அந்தப் பம்பில் குறையே இல்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த வண்டல், அதன் இரும்புத் துகளில் ஒட்டியிருந்த ஆர்சனிக், ஆக்ஸிஜன் இல்லாத நிலத்தடியில் அது நீரில் கரைவது எல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன.

3. வாந்திபேதி உடனே தெரியும். ஆர்சனிக் தோலில் புள்ளியாகத் தலைகாட்டவே பல ஆண்டுகள் ஆகும். புற்றுநோய்க்கு அதைவிட அதிகம். அதனால் திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அச்சடிக்கும் வெற்றி அறிக்கைகளை நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

4. கணினியில் மாதிரிகள் உருவாக்குவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கே நன்றாக வரும்.

5. தீர்வையும் சந்தேகத்தோடு பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் சிவப்பு வண்ணம், இல்லையென்றால் பச்சை. (உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10. பச்சையை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பாருங்கள்.) செலவு குறைந்த, அருமையான யோசனை. பலர் பச்சைப் பம்புக்கு மாறவும் செய்தார்கள். ஆனால் அது அடுத்த வீட்டு முற்றத்தில் இருந்தால்? வீட்டுப் பெண் தினமும் குடத்தோடு அங்கே போய் நிற்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பேச்சு உண்டா என்பதும் உங்கள் வரைபடத்தில் வர வேண்டிய விஷயம். நிலவியல் தெரிந்தவரைக் கேட்பதுபோல அந்தப் பெண்ணையும் கேளுங்கள். முடிந்தால் அவரை முதலில்.

6. பெயின்ட் உதிரும். புதுப் பம்புகள் சோதனை இல்லாமலே முளைக்கும். ஆகவே மறுசோதனைக்கும் மறுவண்ணத்துக்கும் பத்து ஆண்டுக்குப் பணம் ஒதுக்கி, எந்தப் பதவியில் இருப்பவர் செய்வார் என்பதையும் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். செலவைக் குறைக்க உட்காருகிறவர்கள் அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார்கள். கையெழுத்துக்குப் போகும் பிரதியில் அது இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.